சட்டியிலேயே இருக்கிறது பாப்பா பங்கு

பாப்பாவின் முதல் பிறந்த நாள் முடிந்து நாலாவது நாள், தடுப்பூசிக்காக டாக்டரிடம் போயிருந்தோம். எடை 8 கிலோ 400 கிராம். உயரமும் சரியாக இருந்தது. நிம்மதியாக எழுந்திருக்கப் போனேன். அந்த நேரத்தில்தான் டாக்டர் பாப்பாவின் கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்தார். அப்புறம் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "எதுக்கும் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துருவோம்மா" என்றார்.

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. ஹீமோகுளோபின் 8.6. இந்த வயதில் 11 இருக்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகை.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை பால் குடிக்குது?"

"அஞ்சு தடவை டாக்டர். ஒரு பாட்டில் 200 மில்லி. நல்லா குடிப்பா."

"அப்ப ஒரு லிட்டர் ஆச்சு. இந்த வயித்துக்கு ஒரு லிட்டர் பால் போனா, சோறு எங்கம்மா இறங்கும்?"

அந்தக் கேள்வியை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பாப்பாவுக்கு 7 மாதம் ஆனபோது வேலைக்குத் திரும்பினேன். தாய்ப்பால் குறைந்தது. எட்டாம் மாதத்திலிருந்து பக்கத்துத் தெருவில் கறக்கும் பசும்பாலைக் காய்ச்சி பாட்டிலில் கொடுத்தோம். அவள் விரும்பிக் குடித்தாள், கன்னம் உப்பியிருந்தது, பார்க்கிறவர்கள் எல்லாம் கொழுகொழுவென்று இருக்கிறாள் என்றார்கள். சாப்பாடு என்றால் காலையில் ஒரு கிண்ணம் கஞ்சி, மதியம் மிக்ஸியில் கூழாக அரைத்த பருப்புச் சாதம் நாலு வாய். மீதி பசியைப் பால் அடக்கிவிடும். குறை இருப்பதாக எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதிலிருக்கும் கால்சியம் மற்ற சாப்பாட்டிலிருந்து இரும்பு உடம்பில் சேர்வதையும் தடுக்கும். வயிற்றையும் நிரப்பிவிடும். அதனால்தான் ஒரு வயதுக்கு முன்னால் பசும்பாலை முக்கிய ஆகாரமாகக் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். ஒரு வயதுக்கு மேல் கொடுக்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு 400, மிஞ்சினால் 500 மில்லி போதும். குழந்தையின் வயிறு ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறக்குறைய 30 மில்லிதான் கொள்ளும். எங்கள் பாப்பாவுக்கு 250 மில்லி. ஒரு பாட்டில் உள்ளே போனாலே முக்கால் வயிறு முடிந்தது. இந்தக் கணக்கை எனக்கு யாராவது எட்டாம் மாதமே சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததும் இல்லை. 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 6 மாதத்திலிருந்து 5 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. மூன்றில் இரண்டு குழந்தைகள்! கன்னம் உப்பிய குழந்தைகளும் அதில் நிச்சயம் இருந்திருக்கும். இதற்காகவே அரசு சுகாதாரத் துறை 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு வாரம் 2 தடவை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் கொடுக்கச் சொல்கிறது. ஒரு வயது முடிந்ததும் குடற்புழு மாத்திரையும் உண்டு. 2 வயது வரை அரை மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பார்கள். அங்கன்வாடியிலோ கிராம செவிலியரிடமோ கேட்டால் இரண்டுமே கிடைக்கும். நான் கேட்காமல் விட்டவள்.

எங்களுக்கு டாக்டர் தனியாக இரும்புச்சத்து சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பாலோடு கொடுக்காதீர்கள், இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் கொஞ்சம் சாத்துக்குடிச் சாறோடு கொடுங்கள் என்றார். நாக்கின் பின்பக்கமாக விட்டு, பிறகு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் பல்லில் கறை படியாது. மூன்றாம் நாள் மலம் கறுப்பாகப் போனது. பதறிப் போன் செய்தேன். இந்த மருந்துக்கு அப்படித்தான் போகும், பயப்படாதீர்கள் என்று சொன்னார்கள். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் உங்களுக்கு அந்தப் பதற்றம் மிச்சம்.

கூடவே டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். பாலைப் பாதியாக்குங்கள். மிக்ஸியை எடுத்து மேலே வையுங்கள். இனிமேல் பாப்பாவுக்கென்று தனியாக எதுவும் சமைக்க வேண்டாம், வீட்டில் நீங்கள் சாப்பிடுவதையே அவளும் சாப்பிடட்டும்.

எங்கள் வீட்டில் நாங்கள் சாப்பிடுவது என்ன? மதுரைக்காரர்கள் வீடு. காரமும் புளியும் தூக்கலாகத்தான் இருக்கும். இதை எப்படி ஒரு வயதுப் பிள்ளைக்கு ஊட்டுவது என்று அன்றைக்கு ராத்திரி அத்தையும் நானும் அடுப்படியில் உட்கார்ந்து பேசினோம். கடைசியில் வழி சொன்னது அத்தைதான். "உப்பு, புளி, மொளகா போடுறதுக்கு முந்தி ஒரு கரண்டி எடுத்து வச்சிட்டா, அது பாப்பா பங்கு. அதுக்கு எதுக்கும்மா தனி அடுப்பு?"

அந்த ஒரு கரண்டிதான் எங்கள் வீட்டுச் சமையலையே மாற்றியது. ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் அடுப்புப் பக்கத்திலேயே நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது. சாம்பார் என்றால், துவரம்பருப்போடு மஞ்சள்தூள், இரண்டு பல் பூண்டு, ஒரு தக்காளி, கூடவே பரங்கிக்காயோ கேரட்டோ வெந்து மசிந்திருக்கும் நேரம் ஒன்று உண்டு. புளிக்கரைசலும் சாம்பார்பொடியும் அதற்குப் பிறகுதான் விழும். அந்த இடைவெளியில் கெட்டியாக ஒரு கரண்டி பாப்பா கிண்ணத்துக்குப் போய்விடும். பீன்ஸ் பொரியல் என்றால் காயை வேகவைத்து, உப்பும் மிளகாயும் சேர்ப்பதற்கு முன் ஒரு பிடி. கீரை கடைவதென்றால் கடைந்ததும், உப்புக்கு முன்னால், இரண்டு ஸ்பூன். கோழிக் குழம்பு என்றால் கறியை மஞ்சளும் இஞ்சி பூண்டும் போட்டு முதலில் வேகவைத்துக்கொள்வோம். அதில் எலும்பில்லாத இரண்டு துண்டு எடுத்து, நார் நாராகப் பிய்த்து, அதையும் குறுக்கே பொடியாக நறுக்கிவிடுவோம். மீதிக் கறி குழம்புக்குப் போகும்.

அதற்காகப் பாப்பா பங்கு சப்பென்று இருக்க வேண்டியதில்லை. சீரகம், கொத்தமல்லி, பெருங்காயம், துளி மிளகுத்தூள், பூண்டு எல்லாம் சேர்க்கலாம். வீட்டுச் சாப்பாட்டின் வாசனை அவளுக்கும் பழக வேண்டுமில்லையா? கடைசியில் தனியாக ஒரு தாளிப்புக் கரண்டியில் நெய்யும் சீரகமும் பொரித்து அவள் கிண்ணத்தில் ஊற்றுவார் அத்தை. கடுகும் கறிவேப்பிலையும் மட்டும் போடமாட்டோம். கறிவேப்பிலை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் குழந்தைக்கு எடுக்கத் தெரியாது, ஓங்கரித்துவிடும்.

உப்பைப் பற்றி நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. 1 வயதிலிருந்து 3 வயது வரை ஒரு நாளைக்கு மொத்தமே 2 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்து அரசு மருத்துவத் துறையின் கணக்கு. அது ஒரு டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்குதான். நம் வீட்டு இட்லி மாவிலேயே உப்பு இருக்கிறது, தோசையில் இருக்கிறது, ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் இருக்கிறது. அதற்கு மேல் தயிர்ச்சாதத்தில் உப்பு, அப்பளம், ஊறுகாய்ச் சாறு என்று சேர்த்தால் அந்த அளவு காலையிலேயே தாண்டிவிடும். அதனால் காலையில் இட்லி என்றால் தொட்டுக்கொள்ள உப்பில்லாத பாசிப்பருப்புக் கடைசல் என்று வைத்துக்கொண்டோம். சில நாள் வறுத்த நிலக்கடலையை நைசாகப் பொடித்து, நல்லெண்ணெயில் குழைத்து இட்லி மேல் தடவிக் கொடுப்பேன். அது அவளுக்கு உயிர்.

மிக்ஸியை எடுத்து வைத்தது அவ்வளவு சுலபமாக இல்லை. வழவழவென்று விழுங்கிப் பழகிய குழந்தை. வாயில் ஒரு பருக்கை தட்டுப்பட்டாலே துப்பிவிடுவாள். எட்டு ஒன்பது மாதத்திலேயே கையால் மசித்துக் கொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும். மெல்லப் பழக வேண்டிய மாதங்களை நாங்கள் மிக்ஸியில் கழித்துவிட்டோம். "பல் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வயதில் முன்பல் நாலோ ஆறோ இருக்கும். அரைக்கும் கடைவாய்ப்பல் வர இன்னும் சில மாதம் ஆகும். ஆனால் ஈறே நன்றாக நசுக்கும். அத்தை அதைத்தான் சொன்னார்: "பல்லு எதுக்குத் தாயி, ஈறே அம்மியாட்டம் அரைச்சிரும்."

அவர் பிசைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். எங்களுக்கான சாதம் இறக்கும்போது பாப்பா பங்கை மட்டும் தண்ணீர் சேர்த்து இன்னும் கொஞ்ச நேரம் குழைய விடுவார். சூடு இருக்கும்போதே தட்டின் ஓரத்தில் வைத்துக் கட்டைவிரலால் முன்பக்கம் தள்ளித் தள்ளி நசுக்குவார். முழுவதும் கூழாக்க மாட்டார். பாதிப் பருக்கை உடைந்திருக்கும், பாதி முழுசாகத் தெரியும். முதல் மூன்று நாள் நைசாக, நாலாம் நாள் கொஞ்சம் திரிதிரியாக, இரண்டாம் வாரம் பருக்கை தெரிய. அவள் துப்பினால் கோபிக்கவே மாட்டார். துப்பியதை வழித்துப் போட்டுவிட்டு அடுத்த உருண்டை. 18 நாள் ஆனது, அவள் ஒரு கிண்ணம் பருப்புச் சாதத்தைத் துப்பாமல் சாப்பிட. தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

அத்தையோடு நான் ஒத்துப்போகாத இடம் ஒன்றுதான், பருப்புத் தண்ணி. குழந்தைக்குப் பருப்புத் தண்ணியைப்போலச் சத்து எதுவும் இல்லை என்பது அவர் நம்பிக்கை. பருப்பை வேகவைத்து மேலாக இறுத்த தண்ணீரைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஊட்டுவார். ஒரு நாள் கடைந்த பருப்பைக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி மேடையில் வைத்தேன். நாங்கள் காய் நறுக்கி முடிப்பதற்குள் பருப்பெல்லாம் அடியில் இறங்கிவிட்டது. மேலே மஞ்சளாகத் தெளிந்த தண்ணீர். "அத்தை, நாம இத்தனை நாளா மேல இருக்கிறதைத்தான் ஊட்டிக்கிட்டு இருந்தோம்" என்றேன். டம்ளரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அடியில கெடக்குறதுதான் பருப்பு, ஆமா" என்றார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து கெட்டிப் பருப்பு. காய் வெந்த தண்ணி, ரசத் தெளிவு, சூப்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சளி பிடித்திருக்கும்போது நாலு ஸ்பூன் ரசம் தொண்டைக்கு இதம், அதில் தவறில்லை. ஆனால் தினமும் ரசம் சாதம் என்றால் அது வெறும் சோறு.

சின்ன வயிறு என்பதால் ஒவ்வொரு வாயும் கனமாக இருக்க வேண்டும். ஒரு டீஸ்பூன் நெய்யில் ஏறக்குறைய 40 கலோரி இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் சாதத்தில் ஒரு டீஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ சேர்க்கிறோம். கேழ்வரகுக் கஞ்சியிலும் இதே பிரச்சினை வரும். வெறும் மாவைக் கெட்டியாகக் காய்ச்சினால் பசைபோல ஆகிக் குழந்தை விழுங்காது, நீர்க்கக் காய்ச்சினால் சத்து போதாது. இதற்கு நம் பாட்டிமார் வழி முளைகட்டுவது. கேழ்வரகைக் கழுவி ராத்திரி முழுக்க ஊறவைத்து, துணியில் கட்டி ஒன்றிரண்டு நாள் முளைவிட்டதும் நிழலில் நன்றாகக் காயவைத்து அரைத்துக்கொள்ள வேண்டும். முளைவிடும்போது தானியத்தில் உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது. அதனால் ஒரு பங்கு கூடுதலாக மாவு போட்டாலும் கஞ்சி இளக்கமாகவே வரும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. பாலைக் குறைத்தால் எலும்புக்குக் கால்சியம் போதுமா என்று தவித்துக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கணக்கு பெரிய ஆறுதலாக இருந்தது.

பாலைக் குறைத்த கதையையும் சொல்கிறேன். முதல் வாரம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. பகல் பாட்டில்களை முதலில் நிறுத்தினோம். அந்த நேரத்துக்குப் பழமோ இட்லியோ கொடுத்தோம். பாலைச் சின்ன டம்ளரில், சாப்பிட்ட பிறகு மட்டும், 100 மில்லி. டம்ளரில் குடிக்க அவளுக்கு இரண்டு நாளில் பழகிவிட்டது. சட்டையெல்லாம் பால் சிந்தும், சிந்தட்டும். கடைசியாக ராத்திரி பாட்டில். தினமும் 20 மில்லியாகக் குறைத்துக்கொண்டே வந்தோம். அந்த வாரம் முழுக்க என் வீட்டுக்காரர்தான் தோளில் போட்டு மொட்டை மாடியில் நடந்தார். பத்தாம் நாள் அவள் பசியோடு எழுந்து காலை இட்லிக்குக் கை நீட்டினாள். அதுவரை அவள் பசித்து நான் பார்த்ததே இல்லை. தாய்ப்பால் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம். 2 வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்காமல் பின்னால் கொடுத்தால் போதும்.

அப்புறம், கையால் எடுத்துச் சாப்பிடுவது. எங்களோடு தரையில் பாய் விரித்து உட்காரவைத்து, அவளுக்கும் ஒரு தட்டு. பஞ்சு போன்ற இட்லியை விரல் அகலத்துக்குப் பிய்த்து வைப்பேன். வேகவைத்த கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, அவித்த முட்டை, பப்பாளி, இடியாப்பத்தைக் குட்டிக் குட்டியாக வெட்டி, கல்தோசையின் நடுப்பகுதி என்று ஒவ்வொரு நாளும் ஒன்று. நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: எதுவாக இருந்தாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பார்ப்பேன். நசுங்கினால் தட்டுக்குப் போகும். நசுங்காவிட்டால் திரும்ப அடுப்புக்கு.

முதல் தடவை இட்லித் துண்டைத் தானே வாயில் வைத்தபோது ஓங்கரித்தாள். முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர், இருமல். நான் அலறிக்கொண்டு வாய்க்குள் விரலை விடப் போனேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு விநாடியில் அவளே துண்டை நாக்கால் முன்னால் தள்ளித் துப்பினாள். அதையே மறுபடி எடுத்து வாயில் வைத்தாள். சத்தம் வந்தால், இருமினால், முகம் சிவந்தால் குழந்தை தானே சமாளித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாம் விரலை விட்டால் துண்டு இன்னும் உள்ளே போகும். சத்தமே வராமல் போனால்தான் ஆபத்து.

அதையும் நான் கண்ணால் பார்த்தேன். பாப்பாவுக்கு 13 மாதம். வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் ஆசையாக அவள் கையில் கொஞ்சம் பொட்டுக்கடலையைக் கொடுத்திருக்கிறார். நான் கூடத்துக்கு வரும்போது அவள் வாய் திறந்திருக்கிறது, அழுகிற முகம், ஆனால் சத்தம் இல்லை. உதடு நீலம் பாரிக்கத் தொடங்கிவிட்டது. எங்கள் பள்ளியில் முதலுதவி வகுப்பில் சொல்லிக் கொடுத்தது கைக்கு வந்தது. தொடைமேல் குப்புறக் கிடத்தி, தலை உடம்பைவிடத் தாழ்வாக இருக்கும்படி பிடித்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கித் தட்டினேன். மூன்றாவது தட்டில் கடலை தெறித்து விழுந்தது. அந்தச் சிமெண்ட் தரையில் அது உருண்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பிறகுதான் அவள் அழுதாள்.

5 தட்டில் வராவிட்டால், ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை என்றால் பின்னாலிருந்து அணைத்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேலாக 5 தடவை அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குள் என்றால் வயிற்றில் அழுத்தக் கூடாது, மார்பின் நடுவில் அழுத்த வேண்டும். ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108க்கு அழைக்க வேண்டும். பிள்ளை பெற்றவர்கள், தாத்தா பாட்டிகள் எல்லாரும் எங்கேயாவது ஒரு தடவை இதை நேரில் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் பாப்பா எட்டும் இடத்தில் பொட்டுக்கடலை, முழு நிலக்கடலை, முந்திரி, சுண்டல், பொரித்த பட்டாணி, கமர்கட், கடலைமிட்டாய், பாப்கார்ன், பச்சைக் கேரட் எதுவும் இல்லை. 5 வயதுவரை முழுக்கடலை கிடையாது, பொடியாகவோ துவையலாகவோதான். சுண்டல் செய்தால் அவள் பங்கை நசுக்கித் தோலை எடுத்துவிடுவோம். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்ட வேண்டும், குறுக்கே வெட்டினால் அது இன்னும் உருண்டைதான். சப்போட்டாக் கொட்டை வழவழவென்று நழுவிப் போய்விடும், அதை எண்ணி எண்ணி எடுப்பேன். சீதாப்பழமும் அப்படியே.

இரும்புக்கு என்ன கொடுத்தோம் என்று பலர் கேட்கிறார்கள். முருங்கைக்கீரையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். நல்லதுதான், வாரம் 3 நாள் எங்கள் வீட்டில் ஏதாவது கீரை உண்டு. ஆனால் கீரை, பருப்பு, பயறில் இருக்கும் இரும்பு உடம்பில் குறைவாகத்தான் சேரும். கூடவே எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு, தக்காளி, கொய்யா, நெல்லிக்காய் என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது இருந்தால் அது கூடும். கீரை மசியலில் நெய்யோடு நாலு சொட்டு எலுமிச்சை விடுவது எங்கள் வழக்கமானது இப்படித்தான். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வழி இன்னும் சுலபம். கறியிலும் மீனிலும் இருக்கும் இரும்பு நன்றாகச் சேரும். ஆட்டு ஈரலைச் சீரகம், பூண்டு போட்டு நன்றாக வேகவைத்து, துருவியில் தேய்த்துச் சாதத்தில் கலந்து வாரம் ஒரு தடவை, ஒரு ஸ்பூன். அதற்கு மேல் வேண்டாம், ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். மீனில் பெரிய சுறாவைத் தவிர்த்துவிடுகிறோம், பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். சங்கரா, கிழங்கான் மாதிரி மீனை ஆவியில் வேகவைத்து, முள்ளை இரண்டு பேர் கை மாற்றித் தேடுவோம். நான் ஒரு தடவை, அத்தை ஒரு தடவை. அப்படியும் விரல் நுனியில் தடவித்தான் ஊட்டுவோம்.

டீயில் நனைத்த பிஸ்கட் அடியோடு நின்றது. டீ இரும்பு சேர்வதைத் தடுக்கும், பிஸ்கட்டில் சர்க்கரையும் மைதாவும்தான் இருக்கிறது. 2 வயதுவரை சர்க்கரை சேர்க்க வேண்டாம் என்பதை நாங்கள் முடிந்தவரை காப்பாற்றுகிறோம். பனங்கற்கண்டும் நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான் என்பதை வீட்டில் ஏற்கவைக்கக் கொஞ்ச நாள் பிடித்தது. அங்கன்வாடி சத்துமாவில் வெல்லம் இருக்கிறது, அதனால் அதில் மேற்கொண்டு இனிப்புச் சேர்க்காமல் உருண்டை பிடித்துக் கொடுப்போம். வாழைப்பழம், பேரீச்சை விழுது இருக்கும்போது கஞ்சிக்கு வேறு இனிப்பு எதற்கு?

இவ்வளவும் செய்த பிறகு, 14ஆம் மாதத்தில் அவள் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தாள். ஒரு வேளை நன்றாகச் சாப்பிடுவாள், அடுத்த இரண்டு வேளை நாலு வாயோடு தலையைத் திருப்பிக்கொள்வாள். எனக்குப் பழைய பயம் திரும்பியது. போனில் பாட்டுப் போட்டுக் காட்டி இரண்டு நாள் ஊட்டினேன். கிண்ணம் காலியானது. ஆனால் அவள் என்ன சாப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை, வாய் தானாகத் திறந்து மூடியது. அதைப் பார்க்க எனக்கே மனசு கேட்கவில்லை, நிறுத்திவிட்டேன். முதல் வருஷத்தில் குழந்தையின் எடை பிறந்ததைப்போல் மூன்று மடங்காகிறது. இரண்டாம் வருஷம் முழுக்கச் சேர்த்தே இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. இது இயல்பு. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி, ஒவ்வொரு வேளையும் முக்கால் கிண்ணம் தயாராக இருக்கும். என்ன வைப்பது, எப்போது வைப்பது என் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது அவள் விருப்பம். 20 நிமிஷம் ஆனால் தட்டை எடுத்துவிடுவேன், அடுத்த வேளைவரை நடுவில் நொறுக்குத் தீனி இல்லை. ஒரு நாள் அளவைப் பார்க்காமல் ஒரு வாரத்தின் அளவைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். வாரக் கணக்கில் பார்த்தால் அவள் சரியாகத்தான் சாப்பிட்டிருக்கிறாள்.

சுரைக்காயைப் பத்துத் தடவைக்கு மேல் துப்பினாள். பதினொன்றோ பன்னிரண்டோ, சாப்பிட்டாள். நான் அதற்குள் விட்டிருந்தால் அவளுக்குச் சுரைக்காய் பிடிக்காது என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் ஹீமோகுளோபின் 11.2. சொட்டு மருந்தை உடனே நிறுத்த வேண்டாம், உடம்பில் இருப்புச் சேர இன்னும் கொஞ்ச நாள் கொடுங்கள் என்றார் டாக்டர். கீழ் இமையை இழுத்து எனக்கும் காட்டினார். உள்ளே நல்ல ரத்தச் சிவப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு பேரும் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பாப்பாவுக்கு 16 மாதம் ஆகிறது. அவரைக்காய்க் கூட்டு. அவளுடைய கரண்டியை முன்பே எடுத்து வைத்திருந்தேன். ஆனால் எங்கள் சட்டியிலிருந்து அவள் தட்டில் எப்படியோ ஒரு கறிவேப்பிலை விழுந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அவள் மெல்லுவதை நிறுத்தினாள். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, அந்த இலையை மெதுவாக வெளியே இழுத்து, கொஞ்ச நேரம் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் அத்தை தட்டின் ஓரத்தில், அவர் ஒதுக்கி வைத்திருந்த கறிவேப்பிலையோடு கொண்டுபோய் வைத்தாள்.